அரை வயிறு போட்டால் சுகப்பிரசவம் ஆகாது

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் செல்லப்பிராணிகள் பக்கத்தில், சினையாக இருக்கும் சின்ன ஜாதி நாய்க்குக் கடைசி மாதம் தீனியைப் பாதியாகக் குறைத்தால் குட்டி சிறுத்துப் பிரசவம் சுலபமாகும் என்று ஒரு வரி வந்திருக்கிறது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. இருபது வருஷமாகத் தங்கள் இதழை வாங்குகிறவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

இதே தப்பை நான் செய்திருக்கிறேன். 1988-ல் மூத்தவளை வயிற்றில் சுமந்தபோது என் மாமியார், "அரை வயிறு சாப்பிடு, பிள்ளை சின்னதா இருந்தாத்தான் சுகப்பிரசவம்" என்பார். அந்த நினைப்பிலேயே 2011-ல் எங்கள் பொமேரியன் ஜூலிக்கு நாற்பதாம் நாளிலிருந்து சோற்றைக் குறைத்தேன். மூன்று குட்டி போட்டாள். எங்கள் மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தால் ஒன்று 84 கிராம், இன்னொன்று 90. நூறு கிராம் சீரகப் பொட்டலத்தின் எடைகூட இல்லை. காம்பை வாயில் வைத்தாலும் உறிஞ்சத் தெம்பில்லை, வயிறு தொட்டால் ஜில்லென்று இருந்தது. விடிவதற்குள் இரண்டும் போய்விட்டன. ஜூலி அவற்றை மூக்கால் தள்ளித் தள்ளி மடிக்குக் கொண்டுவந்துகொண்டே இருந்தாள். மத்தியானம் வரை எடுக்க விடவில்லை.

அப்புறம்தான் கால்நடை மருத்துவர் எனக்குப் புரிய வைத்தார். நாய்க்குச் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். குட்டியின் வளர்ச்சி பெரும்பாலும் கடைசி மூன்று வாரத்தில்தான். அப்போது தாய்க்கு வழக்கத்தைவிடக் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை கூடுதல் தீனி வேண்டும். வயிற்றில் இடமில்லாததால் நாலைந்து வேளையாகப் பிரித்துத் தர வேண்டும். பட்டினி போட்டால் குட்டியின் சதை கரையும், உயிர் தாங்கும் தெம்பு போகும். ஆனால் பிரசவத்தில் மாட்டுகிற தலை அந்த அளவுக்குச் சிறுப்பதில்லை.

குட்டியின் அளவு தாயின் உடல்வாகையும் அப்பன் ஜாதியையும் பொறுத்தது. வயிற்றில் எத்தனை குட்டி என்பதையும் பொறுத்தது. அடுத்த ஈற்றில் ஜூலிக்கு ஒரே குட்டி. இடம் தாராளமாக இருந்ததால் 210 கிராம் வரை வளர்ந்து மாட்டிக்கொண்டது. அரை மணி நேரம் முக்கியும் வரவில்லை. உதவிக்கு வந்த ஒருவர் பிரசவ வலியைத் தூண்டும் ஊசி போடப் பார்த்தார். வழி அடைத்திருக்கும்போது அதைப் போட்டால் கருப்பையே கிழியலாம் என்று முன்பே கேட்டிருந்ததால் தடுத்துவிட்டேன். ராத்திரியோடு ராத்திரியாக ஆட்டோவில் கொண்டுபோய் ஆபரேஷன் செய்துதான் இரண்டு உயிரும் பிழைத்தன. 55 நாளுக்குப் பிறகு ஓர் எக்ஸ்ரே எடுத்திருந்தால் ஒற்றைக் குட்டி என்று முன்பே தெரிந்திருக்கும். நீங்கள் எழுதியிருக்க வேண்டியது அதைத்தான்.

இதற்கு முன்பும் வருத்தம் உண்டு. சினை நாய்க்குத் தினமும் கால்சியம் டானிக் கொடுக்கச் சொல்லி இதே பக்கத்தில் வந்தது. அப்படிக் கொடுத்துப் பழக்கினால் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் திறன் உடம்புக்கு மந்தமாகி, குட்டி பால் குடிக்கும் நாட்களில் சின்ன நாய்களுக்கு வலிப்பு வரலாம். அன்றே கடிதம் போட்டேன், வெளியிடவில்லை. சரி, இடமில்லை போலும் என்று இருந்துவிட்டேன். "45 நாள் டீ கப் பொமேரியன்" என்ற விளம்பரத்துக்கு மட்டும் மாதாமாதம் இடம் கிடைக்கிறது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, பதினெட்டு மாதம் ஆகாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது என்று 2017-லேயே மத்திய அரசு விதி போட்டிருப்பது தங்களுக்குத் தெரியாததல்ல. டீ கப் அளவுத் தாயின் இடுப்பு வழியாகக் குட்டி எப்படி வரும் என்று அந்த விளம்பரத்தை வாங்கும்போது யாராவது கேட்டிருக்கலாம்.

நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. அடுத்த இதழில் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் நாலு வரித் திருத்தம் போடுங்கள். இனி அந்தப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பொமேரியன் சினையாக இருக்கிறது. அவர்களும் உங்கள் இதழ்தான் வாங்குகிறார்கள். நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். மற்ற ஊர்க்காரர்களுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
பழைய வாசகி,
திண்டுக்கல்