டார்ஜிலிங் ஜாய் ரைடில் 'இசட் ரிவர்ஸ்' கிடையாது

ஆசிரியருக்கு,

வணக்கம். விடுமுறைக் காலம் நெருங்கினாலே டார்ஜிலிங் நீராவி ரயிலைப் பற்றிய பயணக் குறிப்புகள் வரத் தொடங்கிவிடும். தங்கள் நாளிதழில் வந்த குறிப்பும் ஆர்வத்தோடு எழுதப்பட்டிருந்தது. ஆனால் அதில் இரண்டு வேறு பயணங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன. டார்ஜிலிங்கிலிருந்து கூம் வரை போய்த் திரும்பும் நீராவி ஜாய் ரைடில் ஏறினால், ரயில் முன்னும் பின்னுமாகப் போய் மலையேறுவதைப் பார்க்கலாம் என்று அதைப் படித்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். டார்ஜிலிங்குக்கும் கூமுக்கும் இடையில் அப்படி ஓர் இடம்கூட இல்லை. அங்கே இருப்பது பதாசியா வளையம். 1919இல் போடப்பட்ட அந்த வளையத்தில் ரயில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றித் தன் பாதையையே கடந்து போகும். அழகான இடம்தான். ஆனால் அது வளைவு, பின்னோக்கி ஏறும் பாதை அல்ல.

ரயில் முன்னும் பின்னுமாகப் போய் 'Z' எழுத்து வடிவில் மலையேறும் இடங்களுக்கு 'இசட் ரிவர்ஸ்' என்று பெயர். அவை ஆறும் மலையின் கீழ்ப்பகுதியில், ரங்டோங்குக்கும் மகாநதி நிலையத்துக்கும் இடையில் இருக்கின்றன. கடைசியான ஆறாம் எண் ரிவர்ஸ் கயாபாரிக்கு மேலே வருகிறது. அதாவது டார்ஜிலிங்கிலிருந்து பல மணி நேரம் கீழே. ஊட்டிக்குப் போய்க் கல்லாறு ஏற்றத்தைத் தேடினால் எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

நம் ஊட்டி ரயிலோடு ஒப்பிட்டால் தமிழ் வாசகர்களுக்கு விஷயம் சுலபமாகப் புரியும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12.5 அடிக்கு ஓர் அடி ஏற்றம். அந்தச் சரிவில் வெறும் தண்டவாளத்தில் சக்கரம் பிடிக்காது. ஆகவே நடுவில் பல் தண்டவாளம் போட்டு, இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. டார்ஜிலிங் பாதையில் பல் தண்டவாளமே கிடையாது. 1879இல் வேலை தொடங்கி 1881 ஜூலையில் டார்ஜிலிங்கைத் தொட்ட அந்த இரண்டடி அகலப் பாதை, முழுக்க முழுக்கச் சக்கரத்தின் உராய்வை மட்டுமே நம்பி ஏறுகிறது. ஏற்கெனவே இருந்த ஹில் கார்ட் சாலையை ஒட்டியே பாதையைப் போட்டதால், சில இடங்களில் சரிவு இன்ஜினின் சக்திக்கு மீறியதாக இருந்தது. சரிவைக் குறைக்க வேண்டுமானால் பாதையின் நீளத்தைக் கூட்டியாக வேண்டும். இடம் இருந்த இடங்களில் வளையம் போட்டார்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம் என்று வளையத்துக்கு இடமில்லாத சரிவுகளில் ரிவர்ஸ் போட்டார்கள்.

ரிவர்ஸ் வேலை செய்யும் விதம் இதுதான். ரயில் ஏறிவந்து, பாதை இரண்டாகப் பிரியும் ஒரு பாயிண்ட்டைத் தாண்டி, முட்டுச்சந்து போன்ற ஒரு குட்டைப் பாதைக்குள் நுழைந்து நிற்கும். கடைசிப் பெட்டியும் பாயிண்ட்டைத் தாண்டியாக வேண்டும். பாயிண்ட்ஸ்மேன் நெம்புகோலைத் திருப்பிப் பாதையை மாற்றுவார். டிரைவர் இன்ஜினைப் பின்னோட்டத்துக்கு மாற்றிப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு மேல்நோக்கிப் போவார். 'Z' எழுத்தின் நடுக்கோடு போன்ற இந்தப் பகுதியில் டிரைவருக்கு முன்னால் இருக்கும் பாதை தெரியாது. இப்போது முன்னால் போகும் பெட்டியில் நிற்கும் கார்டின் கொடியும் விசிலும்தான் அவருக்குக் கண். மேலே இன்னொரு பாயிண்ட், இன்னொரு குட்டைப் பாதை. அங்கே நின்று, மறுபடி பாயிண்ட் மாற்றி, இன்ஜின் முன்னால் இழுக்க ரயில் புறப்படும். ஜன்னலில் இருந்து பார்த்தால், சற்று முன் வந்த தண்டவாளம் காலுக்குக் கீழே ஓடுவது தெரியும்.

குட்டைப் பாதையின் நீளம்தான் ரயிலின் நீளத்தைத் தீர்மானிக்கிறது. 'கூட்டம் அதிகம், இன்னும் நான்கு பெட்டி மாட்டினால் என்ன?' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். வண்டி முழுதும் பாயிண்ட்டைத் தாண்டவில்லை என்றால் பாதையை மாற்ற முடியாது. அந்தக் காலத்தில் கூட்டம் மிகுந்தபோது ஒரே ரயிலை நீட்டாமல், சிறு சிறு ரயில்களாகப் பிரித்து ஒன்றன் பின் ஒன்றாக அனுப்பினார்கள். பாயிண்ட்டின் நாக்குக்கும் (பாதையை மாற்ற நகரும் தண்டவாள முனை) தண்டவாளத்துக்கும் இடையே மலையிலிருந்து உருண்ட ஒரு கல் சிக்கினாலும் பாதை முழுதாக மூடாது. சக்கரம் தடம் புரளும். அதனால்தான் நெம்புகோலைத் தள்ளியதோடு விடாமல் நாக்கு ஒட்டியிருக்கிறதா என்று கண்ணாலும் பார்க்கிறார்கள்.

நீராவி இன்ஜினுக்கு இந்த நடுக்கோடு தனிச் சோதனை. புகைபோக்கி மேட்டுப் பக்கம் பார்த்து ஏறிவந்த இன்ஜின், பின்னால் தள்ளும்போது புகைபோக்கி பள்ளத்தின் பக்கம் திரும்பிவிடுகிறது. கொதிகலனில் உள்ள நீர் அந்தப் பக்கம் சாயும். கரி எரியும் ஃபயர்பாக்ஸின் மேல்தகட்டை நீர் எப்போதும் மூடியிருக்க வேண்டும். 1:25 சரிவில் இரண்டு மீட்டர் நீளத்துக்கு எட்டு சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். முன்கூட்டியே நீர்மட்டத்தை உயர்த்தி வைக்காவிட்டால் தகடு வெளியே தெரிந்து சூடேறும். தகட்டில் பாதுகாப்புக்காகப் பொருத்திய லெட் பிளக் என்னும் ஈய அடைப்பு உருகி, நீராவியும் நீரும் தீயின்மேல் கொட்டும், வண்டி அங்கேயே நின்றுவிடும். பயந்துபோய் அளவுக்கு மேல் நீர் ஏற்றினாலும் ஆபத்து. நீராவியோடு நீரும் சிலிண்டருக்குள் போய் உறுப்புகளை உடைக்கும். ஆகவே ரிவர்ஸுக்கு முன்பே ஃபயர்மேன், கொதிகலனுக்குள் நீரைச் செலுத்தும் இன்ஜெக்டரைத் திறந்துவிடுவார். வண்டி நிற்கும் நேரத்தில் வால்வு பீய்ச்சுவதைப் பார்த்துப் படம் எடுப்பவர்கள், அந்த ஒரு நிமிடத்தில் அவர் பார்ப்பது நீர்மட்டக் கண்ணாடியைத்தான் என்பதையும் கவனிக்கலாம்.

ஓடுகிற இன்ஜின்கள் 'பி' வகை. 1889இல் ஷார்ப் ஸ்டூவர்ட் நிறுவனம் வடிவமைத்தது. நான்கே சக்கரங்கள், 26 அங்குல விட்டம். சிலிண்டர் 11 அங்குலக் குறுக்களவு, 14 அங்குல வீச்சு. கொதிகலன் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 140 பவுண்டு. இந்த அளவுகளிலிருந்து கணக்கிட்டால் இழுவிசை ஏறத்தாழ 3,500 கிலோ. ஆனால் சுமார் 15 டன் எடையுள்ள இன்ஜின், பனியும் இலைச்சாறும் படிந்த தண்டவாளத்தில் அதில் பாதிக்குச் சற்று மேல்தான் பிடிப்புக் காட்டும். மிச்சம் வெறும் சுழற்சி. இன்ஜினின் முகப்பில் இருவர் உட்கார்ந்து கையால் மணல் தூவும் பழக்கம் இதற்காகத்தான் வந்தது. பழைய படங்களில் அவர்களைப் பார்த்து, ஓசிப் பயணம் செய்கிறார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. வண்டியை ஏற்றியவர்களே அவர்கள்தான்.

இப்போது போக விரும்புவோருக்கு. நியூ ஜல்பாய்குரியிலிருந்து காலையில் புறப்பட்டு டார்ஜிலிங் போகும் அன்றாட ரயிலில் ஏறினால் ரிவர்ஸ்கள் எல்லாவற்றையும் பார்க்கலாம். ஆனால் அதை இழுப்பது டீசல் இன்ஜின். 88 கிலோமீட்டருக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முழுதும் உட்கார முடியாதவர்கள் குர்சியோங்கில் இறங்கிக்கொள்ளலாம், ரிவர்ஸ்கள் அதற்குள் முடிந்துவிடும்.  தலையையும் கையையும் மட்டும் வெளியே நீட்டக் கூடாது. மேல்பகுதிக் கடைவீதிகளில் கடைப் பலகைகளை உரசுகிற நெருக்கத்தில் பெட்டி போகிறது. நீராவி ஜாய் ரைடு ஏறுவோர் கண்ணாடி அணிந்துகொள்வது நல்லது, கரித்துகள் கண்ணில் விழும். டார்ஜிலிங்கிலிருந்து கூமுக்குப் போகும் வழி ஏற்றம். 2,258 மீட்டர் உயரத்தில் இருக்கும் கூம்தான் அந்தப் பாதையின் உச்சி என்பதால், இன்ஜின் முக்கி முனகுவதைக் கேட்க வேண்டியது அந்தப் பாதிப் பயணத்தில்தான்.

ரிவர்ஸில் நீராவியே வேண்டும் என்றால், வண்டியை முழுதாக வாடகைக்கு எடுக்கும் குழுக்களோடு சேர்வதே வழி. சிலிகுரியிலிருந்து ரங்டோங் வரை மட்டும் போய்த் திரும்பும் நீராவிப் பயணம் அறிவிக்கப்பட்டால், அதுவும் முதல் ரிவர்ஸுக்கு முன்பே நின்றுவிடும் என்பதை நினைவில் வையுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை திட்டமிடாதீர்கள். 2010, 2011 ஆண்டுகளின் மண்சரிவுகளுக்குப் பிறகு முழுப் பாதையும் மீண்டும் திறக்க 2015 ஆகிவிட்டது. சாதாரண மழைக்கும் ரயில் பாதியில் நிறுத்தப்படும்.

ரயில்வே நிர்வாகத்துக்கு இரண்டு வேண்டுகோள். முன்பதிவுப் பக்கத்தில் ஒவ்வொரு பயணத்துக்கும் எதிரே, அதில் எத்தனை ரிவர்ஸ், எத்தனை வளையம், எந்த இன்ஜின் என்று ஒரு வரி போடுங்கள். மழை ஓய்ந்த மாதங்களில் வாரம் ஒரு நாளாவது ரங்டோங்கிலிருந்து திந்தாரியா வரை நீராவி வண்டி ஓட்டுங்கள். பணிமனை திந்தாரியாவில்தான் இருக்கிறது, பழுது பார்க்க ஆள் தேட வேண்டியதில்லை. 1999இல் யுனெஸ்கோ பட்டியலில் இந்தப் பாதை சேர்ந்ததற்கு ரிவர்ஸ்களின் பொறியியலும் ஒரு காரணம். அவற்றின் மேல் நீராவி இன்ஜின் ஏறுவதைப் பார்க்கும் வாய்ப்பு, வண்டியையே வாடகைக்கு எடுக்க வசதி உள்ளவர்களுக்கு மட்டும் என்று இருப்பது சரியல்ல.

இப்படிக்கு,
வாசகர், குன்னூர்