டேவிட் ஹேய்ட்டருக்கு ஒரு தாமதமான பதில்

அன்புள்ள டேவிட் ஹேய்ட்டர் அவர்களுக்கு,

வணக்கம். 2009 மார்ச்சில், காமிக்ஸிலிருந்து நீங்கள் திரைக்கதை எழுதிய 'வாட்ச்மென்' படம் வெளியான சூட்டோடு ரசிகர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினீர்கள். பிடித்திருந்தால் இந்த வெள்ளிக்கிழமை இன்னொரு முறை போய்ப் பாருங்கள், இரண்டாவது வார வசூலை எல்லோரும் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இது விழுந்தால் இப்படியொரு படத்தை இனி எடுக்கவே விடமாட்டார்கள் என்பதுதான் சாரம். முதல் மூன்று நாளில் அமெரிக்காவில் சுமார் 5.5 கோடி டாலர் வந்த படம், அடுத்த வாரம் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டது. திரைக்கதை எழுதியவரே டிக்கெட் வாங்கச் சொல்லிக் கேட்பதை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. சங்கடமாக இருந்தது. மரியாதையும் வந்தது.

உங்களைப் பலருக்குக் குரலாகத்தான் தெரியும். 'மெட்டல் கியர் சாலிட்' வீடியோ கேம் விளையாடிய பையன்களிடம், அதில் நீங்கள் குரல் கொடுத்த நாயகன் 'சாலிட் ஸ்நேக்' என்று சொன்னால் போதும், உங்களைப் போலவே தொண்டையைக் கட்டிக்கொண்டு பேசிக் காட்டுவார்கள். எனக்கு நீங்கள், பிறவியிலேயே விசித்திர சக்தி கொண்ட 'மியூட்டன்ட்'களின் கதையான 'எக்ஸ்-மென்' படத்தை எழுதியவர். டொராண்டோவில் அந்தப் படம் எடுத்தபோது கையில் காசில்லாமல் தயாரிப்பு அலுவலகத்தில் ஃபோன் எடுக்கும் வேலைக்குப் போனவர் நீங்கள். இயக்குநர் பிரையன் சிங்கர் ஏதோ ஒரு காட்சியைப் பற்றி யோசனை கேட்க, சொன்னதை எழுதித் தரச் சொல்ல, அப்படியே முழுத் திரைக்கதையும் உங்கள் மேசைக்கு வந்து சேர்ந்தது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறீர்கள். 2000 ஜூலையில் படம் வந்தபோது 'திரைக்கதை' என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர்தான்.

ஆனால் அந்த ஒற்றைப் பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டமே உண்டு. எட் சாலமன், கிறிஸ்டோஃபர் மெக்குவாரி இருவரும் வேலை செய்துவிட்டுத் தங்கள் பெயர் வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். ஜாஸ் வீடனும் ஒரு சுற்று எழுதினார். மின்னல் தாக்கினால் தேரைக்கு என்ன ஆகும் என்று ஸ்டார்ம் என்ற நாயகி கேட்கும் அந்தப் பிரசித்தி பெற்ற அசட்டு வசனம் அவர் விட்டுப்போனது. இன்றைக்கும் யாராவது அதைக் கிண்டல் செய்தால் அடி உங்கள் பெயரில்தான் விழுகிறது. பாவம் ஒரு பக்கம், பழி ஒரு பக்கம். இந்தத் தொழிலின் கூலியில் அதுவும் சேர்த்தி போலிருக்கிறது.

நான் சொல்ல வந்தது வேறு. காமிக்ஸைப் படமாக்குபவரின் திறமையை 'மூலத்துக்கு எவ்வளவு விசுவாசம்' என்ற அளவுகோலால் அளப்பது எனக்கு ஒப்பவில்லை. அதற்கு நீங்களே சாட்சி.

எக்ஸ்-மென் காமிக்ஸ் தொடங்கியது 1963-ல். நீங்கள் கைவைத்தபோது முப்பத்தைந்து வருஷத்துக்கு மேற்பட்ட கதைகள் குவிந்து கிடந்தன. எதை எடுப்பது? காமிக்ஸில் ரோக் வில்லியாக அறிமுகமானவள். முக்கிய நாயகன் வோல்வரினின் நிழலில் வளரும் சின்னப் பெண்கள் கிட்டி ப்ரைடும் ஜூபிலியும். படத்தில் ரோக்கையே அந்தச் சின்னப் பெண்ணாக்கி, தொட்டால் எதிராளியின் உயிரை உறிஞ்சும் பயத்தோடு வீட்டை விட்டு ஓடவைத்தீர்கள். அவள் கண் வழியாகத்தான் நாம் மியூட்டன்ட்களின் பள்ளிக்குள்ளே போகிறோம். முதல் காட்சியோ 1944, போலந்து, வதைமுகாம் வாசல். பெற்றோரிடமிருந்து பிரிக்கப்படும் சிறுவனின் கைக்கு இரும்புக் கதவு வளைகிறது. அதற்கப்புறம், அந்தச் சிறுவனே வளர்ந்து ஆன மேக்னீட்டோவை வெறும் வில்லனாகப் பார்க்க யாரால் முடியும்? இந்த முடிவுகள் எல்லாம் உங்களுடையவை மட்டுமல்ல என்று தெரியும். ஆனாலும் அவற்றை ஒரே படத்துக்குள் நிற்கவைத்த கை உங்களுடையது.

இரண்டாவது பாகம் அதைவிட நேர்த்தி. பள்ளி மாணவன் பாபி தன் வீட்டாரிடம் உண்மையைச் சொல்லும்போது அவன் அம்மா, மியூட்டன்டாக இல்லாமல் இருக்க முயற்சி செய்து பார்த்தாயா என்று கேட்பாளே, திரைக்கதை எழுதிய உங்கள் மூவரில் யார் எழுதியதோ, அவருக்கு ஒரு கும்பிடு.

'வாட்ச்மென்' நேர்மாறு. அங்கே குவியல் இல்லை. 1986-87ல் வந்த பன்னிரண்டே இதழ்கள், எழுத்தாளர் ஆலன் மூரும் ஓவியர் டேவ் கிப்பன்ஸும் கட்டம் கட்டமாகக் கணக்குப் போட்டு முடித்துவைத்த கதை. ஒரு செங்கல்லை உருவினால் இன்னொன்று ஆடும். 2001-ல் தொடங்கி யுனிவர்சல், பாராமவுண்ட் என்று ஸ்டுடியோ மாறி, இயக்குநர் மாறி, கதையை நிகழ்காலத்துக்கு இழுத்து, கடைசியில் வார்னரில் ஸாக் ஸ்னைடர் வந்து அதை மறுபடி 1985-க்கே கொண்டுபோய், அலெக்ஸ் ஸே இன்னொரு கை எழுதி, இத்தனைக்குப் பிறகும் உங்கள் பெயர் நின்றது. உங்கள் வரைவைப் பற்றி, இதைவிட நெருங்கி யாராலும் வர முடியாது, ஆனால் நான் படம் பார்க்கப் போவதில்லை என்ற பொருள்பட மூர் சொன்னாராம். பாராட்டா, கதவடைப்பா? அவர் தன் பெயரைப் படத்தில் போடவே விடவில்லை.

உங்களை ரசிகர்கள் அதிகம் திட்டியது புத்தகத்தின் முடிவில் வரும் அந்தக் கணவாய் மீனுக்காகத்தான். நியூயார்க் நடுவில் வந்து விழும் ராட்சத ஜந்துவை எடுத்துவிட்டு, படத்தில் பேரழிவின் பழி அதீத சக்தி கொண்ட பாத்திரமான டாக்டர் மன்ஹாட்டன் மீது திரும்பியது. நான் உங்கள் பக்கம். 162 நிமிடத்துக்குள் அந்த ஜந்துவை நியாயப்படுத்த முடியாது. புத்தகத்தில் அதற்காக ஒரு தீவு, காணாமல்போன கலைஞர்கள், நீண்ட முன்னேற்பாடு எல்லாம் இருக்கின்றன. ஒரு வருத்தம் மட்டும் உண்டு. அந்தத் தீவில் ஜந்துவை வடிவமைப்பவர்களில் மேக்ஸ் ஷியா என்ற காமிக்ஸ் எழுத்தாளரும் ஒருவர். வேலை முடிந்ததும் எல்லோரையும் கப்பலோடு வெடிவைத்துக் கொன்றுவிடுகிறார்கள். முதலாளியின் திட்டத்துக்குக் கற்பனையை விற்ற எழுத்தாளனின் கதி! ஹாலிவுட்டில் திரைக்கதை எழுதும் நீங்கள், போயும் போயும் அதையா வெட்ட வேண்டும்?

2019-ல் வந்த 'வாட்ச்மென்' தொலைக்காட்சித் தொடர் உங்கள் படத்தை விட்டுவிட்டுப் புத்தகத்திலிருந்தே தொடர்ந்தது. கணவாய் மீனும் திரும்பிவிட்டது. சில மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தால் எல்லோரும் விசுவாசிகள்தான்.

உங்கள் கடிதத்தின் பயம் பாதிதான் பலித்தது. பெரியவர்களுக்கான காமிக்ஸ் படங்களை அவர்கள் நிறுத்தவில்லை. அதே 2019-ல் 'ஜோக்கர்' உலகம் முழுக்க நூறு கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஆனால் ஒரு முழுப் புத்தகத்தைப் பக்கம் பிசகாமல் படமாக்கும் துணிச்சல் அதன்பின் பெரிய ஸ்டுடியோக்களில் அதிகம் தென்படவில்லை. எனக்கு அதில் பெரிய நஷ்டமும் தெரியவில்லை.

நஷ்டம் வேறொன்று. 2004-ல் லயன்ஸ்கேட் ஸ்டுடியோவுக்காக, மார்வல் காமிக்ஸின் பெண் உளவாளி 'பிளாக் விடோ'வின் படத்தை எழுதி இயக்க ஒப்பந்தமானீர்கள். பெண் நாயகி ஆக்‌ஷன் படங்கள் வரிசையாகச் சறுக்கின, 2006-ல் திட்டம் கைவிடப்பட்டது, உரிமை மார்வலுக்கே போனது. அந்தப் பாத்திரத்துக்குத் தனிப் படம் வந்தது 2021-ல், வேறு எழுத்தாளர்களோடு. அவளுக்கும் எக்ஸ்-மென் போலப் பல பத்தாண்டுக் கதைக் குவியல் இருக்கிறது. குவியலில் தேர்ந்தெடுப்பதுதானே உங்கள் பலம்?

ஸ்டுடியோவுக்காக எழுதிய வரைவை வெளியிடும் உரிமை எழுத்தாளரிடம் இருக்காது என்று அறிவேன். அதனால் வரைவைக் கேட்கவில்லை. ரோக்கை எடுத்ததுபோல் இதில் யாரை எடுத்தீர்கள், எந்தக் காட்சியில் கதையைத் தொடங்கினீர்கள், இந்த இரண்டை மட்டும் அடுத்த பேட்டியில் யாராவது கேட்டால் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு காமிக்ஸ் வாசகன்