டர்னஸ் வழியில் உதவிய பெரியவருக்கு

ஸ்காட்லாந்தின் வடகோடியில், லேர்கிலிருந்து டர்னஸ் போகும் ஏ838 சாலை. லாக்ஸ்ஃபோர்டு பாலம் தாண்டி, எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கப்போய் பள்ளத்தில் இறக்கி டயரைக் கிழித்துக்கொண்டேன். தப்பு என்னுடையதுதான். ஒற்றைத்தடச் சாலை, போனில் சிக்னல் இல்லை, வாடகைக் காரில் ஸ்டெப்னியும் இல்லை.

அப்போதுதான் பிக்கப் வண்டியில் வந்தீர்கள். பின்னால் இரண்டு நாய்கள், விரலெல்லாம் நீலச் சாயம். ஆடுகளுக்கு அடையாளம் போடுகிற சாயமாம். காரை ஓரங்கட்டி, எங்களை என் கணவரின் அத்தை வீட்டு வாசல்வரை கொண்டுவிட்டீர்கள். வழியில் என் கணவர் சின்ன வயதில் படித்த பள்ளிக்கூடத்தைப் பார்த்ததும், நாங்கள் கேட்காமலே வண்டியை நிறுத்தினீர்கள். மனிதர் பேச்சே வராமல் நின்றார்.

டீ குடிக்கக்கூட இறங்கவில்லை, பெயரும் சொல்லவில்லை. இந்தத் தமிழை நீங்கள் படிக்கப்போவதில்லை, சரி. இருந்தாலும் ரொம்ப நன்றி ஐயா.