கவரிங் லெட்டர் கொமினிகேஷனில் வாங்குகிற சாமானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வேலைவாய்ப்பு விளம்பரங்கள் வருகிற பக்கத்தை எங்கள் ஒழுங்கையில் நாலு வீட்டுக்காரர் கைமாற்றி வாசிக்கிறோம். எனக்கு இனி வேலை தேவையில்லை, ஓய்வெடுத்து மூன்று வருடமாகிறது. ஆனால் அந்த விளம்பரத்தை வெட்டி எடுத்துக்கொண்டு "மாமி, இதுக்கு ஒரு கவரிங் லெட்டர் எழுதித் தாங்களன்" என்று படலையைத் திறக்கிற பிள்ளைகளுக்குக் குறைவில்லை. சுயவிபரக் கோவைக்கு மேலே வைத்து அனுப்புகிற விண்ணப்பக் கடிதம்தான் அது. எழுதிக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிச் சொல்லியே அலுத்துவிட்டது. அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்வதை உங்கள் பத்திரிகை வழியாக எல்லோருக்கும் ஒரேயடியாகச் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுனாமி வந்த அடுத்த வருடம், 2005ல், கல்லடிப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தேன். அந்தக் காலத்தில் மட்டக்களப்பில் தெருவுக்குத் தெரு நிறுவனங்களின் பெயர்ப்பலகை, கொடி கட்டின ஜீப். அவர்களுக்கு ஆட்கள் உடனே தேவைப்பட்டார்கள். கணினி தெரியுமா, கொஞ்சம் இங்கிலீஷ் தெரியுமா, நாளைக்கு வா என்றார்கள். கடிதம் எப்படி இருந்தாலும் வேலை கிடைத்தது, அதுதான் பிற்காலத்துக்கு வினையாகப் போனது. யுத்தம் முடிந்து 2009க்குப் பிறகு அந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றாகப் பெட்டி கட்டின. வேலைகள் போய்விட்டன, கடிதம் மட்டும் போகவில்லை. அண்ணனுக்கு வேலை வாங்கித் தந்த கடிதம் என்று தம்பி கொப்பி எடுத்தான், தம்பியிடமிருந்து மச்சான் எடுத்தான், கடைசியில் அது கொமினிகேஷன் என்கிற போன், போட்டோ கொப்பிக் கடையின் கணினிக்குள் போய்க் குந்திக்கொண்டது. இன்றைக்கும் போட்டோ கொப்பி அடிக்கிற கையோடு "லெட்டரும் வேணுமா" என்று கேட்டு, பெயரையும் முகவரியையும் மட்டும் மாற்றி எடுத்துத் தருகிறார்கள்.

அது எங்கே போய் முடிகிறது என்பதை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்தவள் நான். ஒருமுறை எங்கள் அலுவலகத்துக்குக் களஞ்சியக் காப்பாளர் ஒருவர் தேவைப்பட்டு விளம்பரம் கொடுத்தோம். நூறுக்கு மேல் வந்தது. பிரித்து அடுக்குகிற வேலை எனக்கு. பத்துப் பதினைந்து கடிதம் பார்த்ததும் மீதியில் என்ன எழுதியிருக்கும் என்று திறக்காமலே சொல்லலாம் போல் இருந்தது: "கடின உழைப்பும் நேர்மையும் கொண்ட நான்..." ஒருவர் "தங்கள் வங்கியில்" வேலை செய்ய ஆவலாக இருப்பதாக எழுதியிருந்தார், நாங்கள் வங்கி இல்லை. ஒரே வீட்டு முகவரியில் இருந்து இரண்டு பேர் போட்டிருந்தார்கள், எழுத்துக்கு எழுத்து ஒரே கடிதம், இரண்டு பேரும் வீட்டுக்கு மூத்த பிள்ளை! எங்கள் அதிகாரி சிரிக்கவில்லை. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கீழே வைத்தார்.

இதில் பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. நமக்கெல்லாம் விண்ணப்பம் என்றால் அரசாங்க விண்ணப்பம்தான். வெள்ளிக்கிழமை வருகிற அரசாங்க வர்த்தமானியில் அறிவித்தல் பார்க்க வேண்டும், மாதிரிப் படிவத்தில் உள்ளபடி கூடு கீறி நிரப்ப வேண்டும், கடித உறையின் இடதுபக்க மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதிப் பதிவுத் தபாலில் போட வேண்டும். அங்கே உங்கள் கதை யாருக்கும் தேவையில்லை. தகைமை இருக்கிறதா, வயது சரியா, பரீட்சையில் எத்தனை புள்ளி, அவ்வளவுதான். படிவம் பிழைத்தால் விண்ணப்பம் தள்ளுபடி, அதனால் சொன்னதற்கு மேல் ஒரு வரி எழுதப் பயப்படப் பழகிவிட்டோம். தனியார் கம்பனிக்கோ ஹோட்டலுக்கோ போடும்போது அப்படியில்லை. அங்கே படிவம் கிடையாது. ஒரே தகைமையோடு ஐம்பது சுயவிபரக் கோவை வந்து கிடக்கும், அதில் யாரைக் கூப்பிடுவது என்று கடிதத்தைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள். வர்த்தமானிப் பழக்கத்தோடு அங்கே போய், "தங்கள் கீழ்ப்படிவுள்ள" என்று முடித்து, கையொப்பமும் வைத்துவிட்டு வருகிறோம்.

இன்னொரு பழக்கம் இதைவிட ஆழமானது, சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். "தந்தையை இழந்த நான், நான்கு சகோதரிகளுடன் மிகவும் வறிய நிலையில்..." என்று தொடங்குகிற கடிதங்கள். இதை எழுதுகிற பிள்ளை பொய் சொல்லவில்லை. யுத்தம், சுனாமி, வெள்ளம் என்று ஒவ்வொன்றுக்கும் வரிசையில் நின்று, வீடு முழுதாகப் போனதா பாதி போனதா, யார் செத்தது, எத்தனை பேர் சாப்பிட இருக்கிறார்கள் என்று படிவம் நிரப்பித்தான் இந்த ஊர்களில் எதையும் வாங்கினோம். இழப்பை எண்ணிக் காட்டினால்தான் ஏதாவது கிடைக்கும் என்று அத்தனை வருடம் கை பழகிவிட்டது. அதே கைதான் வேலைக்கும் எழுதுகிறது, அது நிவாரணப் படிவமாக வந்து விழுகிறது. வாசிக்கிறவருக்கு இரக்கம் வரும், உண்மை, எனக்கே கண் கலங்கியிருக்கிறது. ஆனால் அவர் தேடுவது களஞ்சியத்தில் அரிசி மூட்டையை எண்ணி எழுதத் தெரிந்த ஒருவரை. அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இருக்காது.

போன வருடம் கிரான் பக்கத்துப் பிள்ளை ஒன்று வந்தது. ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பதிகிற வேலைக்கு விளம்பரம். இதுவரை என்ன வேலை செய்திருக்கிறாய் என்று கேட்டேன்.

"ஒண்டும் செய்யல்ல மாமி. ஏ.எல். முடிச்சிற்றுச் சும்மாதான் இரிக்கன்."

பேசிக்கொண்டு போகப் போகத் தெரிந்தது, பிள்ளை ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பொருளாளராம். "மறுகா அந்தச் சங்கத்துக் கணக்க ஆரு எழுதுற?" என்றேன். "அத நான்தான் எழுதுறன்." அது வேலை இல்லையாம்! சம்பளம் வராததெல்லாம் வேலை இல்லை என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். கோயில் திருவிழாவுக்குக் காசு சேர்த்துக் கணக்குக் காட்டினவன், வெள்ளத்துக்கு முகாமில் பெயர் பதிந்து உலர் உணவு பங்கிட்டவள், தகப்பனோடு வயலில் நின்று நெல் மூட்டைக்கு விலை பேசினவன், பத்துப் பிள்ளைகளை வைத்து வீட்டில் ரியூஷன் கொடுத்தவள், எல்லோரும் எனக்கு அனுபவம் இல்லை என்றுதான் எழுதுகிறார்கள்.

அந்தப் பிள்ளையை என் மேசையில் இருத்தி, பேசின மாதிரியே எழுது என்று விட்டேன். மூன்று முறை அடித்து எழுதி, கடைசியில் வந்தது இது:

"கணக்குப் பதிவாளர் தேவை என்ற உங்கள் விளம்பரத்தைப் பார்த்து எழுதுகிறேன். எங்கள் ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பொருளாளராக இரண்டு வருடங்களாக இருக்கிறேன். நாற்பத்தொரு அங்கத்தவர்களின் சேமிப்பையும் கடனையும் நானே காசேட்டில் பதிகிறேன். மாதக் கடைசியில் வங்கிப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். ஒருமுறை எழுநூற்றைம்பது ரூபாய் வித்தியாசம் வந்தபோது, மூன்று மாதப் பற்றுச்சீட்டுகளைத் திரும்பப் பார்த்து, இரண்டு தடவை பதிந்த ஒரு தவணையைக் கண்டுபிடித்தேன். உயர்தரத்தில் கணக்கீடு படித்திருக்கிறேன். கணினியில் கணக்கு வைக்க இப்போதுதான் பழகுகிறேன்."

அந்த எழுநூற்றைம்பது ரூபாய்தான் கடிதம். நேர்மை, கடின உழைப்பு என்ற சொற்கள் அதில் இல்லை, ஆனால் வாசிக்கிறவருக்கு இரண்டும் தெரியும். கடைசி வரியை எடுத்துவிடச் சொன்னேன், அவள் மறுத்துவிட்டாள், அவள்தான் சரி. இன்டர்வியூவில் அதைப் பற்றியே அரை மணி நேரம் பேசினார்களாம். வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். அந்த வேலை அனுபவம் உள்ள வேறொருவருக்குப் போய்விட்டது. ஆனால் அதற்கு முன்னர் அவள் போட்ட எதற்கும் ஒரு டெலிபோன் அழைப்புக்கூட வந்ததில்லை.

மீதி எல்லாம் சில்லறை விஷயம், ஆனால் சில்லறையில்தான் கனபேர் விழுகிறார்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள், அரைப் பக்கமே போதும். சுயவிபரக் கோவையில் இருப்பதைத் திரும்ப எழுதாதீர்கள், அடையாள அட்டை இலக்கம், சமயம், சாதாரண தரப் பெறுபேறு இதெல்லாம் கடிதத்துக்குள் எதற்கு? விளம்பரத்தில் என்ன கேட்டிருக்கிறார்களோ அதற்குப் பதில் சொல்லுங்கள். கேட்காத சந்தேகம் ஒன்று அவர்கள் மனதில் இருக்குமென்றால் அதற்கும் சொல்லுங்கள். களுவாஞ்சிக்குடியில் இருந்துகொண்டு பாசிக்குடா ஹோட்டலுக்கு விண்ணப்பித்தால், இரவு வேலை முடிந்து இந்தப் பிள்ளை எப்படி வீடு போகும் என்பதுதான் அவர்களுக்கு முதல் யோசனை. வாழைச்சேனையில் சித்தி வீட்டில் தங்குவேன் என்று ஒரு வரி எழுதினால் அது தீர்ந்தது. அந்த ஹோட்டல்களுக்குப் போடுவதென்றால் ஏப்ரலில் சீசன் தொடங்கும் முன்னரே போட வேண்டும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் இருந்தால் எத்தனையாம் மட்டம் என்பதோடு, பயிற்சியில் உங்கள் கையால் என்ன செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். தொலைபேசி இலக்கம் தருவதென்றால் அடுத்த மாதமும் உங்களிடம் இருக்கிற சிம்மின் இலக்கத்தைத் தாருங்கள்.

மொழி விஷயத்தில் மட்டும் பொய் வேண்டாம். மும்மொழியிலும் தேர்ச்சி என்று எழுதின ஒரு மருமகன் எனக்கு இருக்கிறான். கொழும்பில் இருந்து சிங்களத்தில் அழைப்பு வந்தது, இவன் போனை மச்சானின் கையில் கொடுத்துவிட்டான். மச்சான் நன்றாகத்தான் பேசினான், ஆனால் நேரில் கூப்பிட்ட நாளில் மச்சானையும் கூட்டிக்கொண்டா போவது? சிங்களம் விளங்கும், பேசக் கொஞ்சம் தடுமாறுவேன் என்று எழுதியிருந்தால் ஒரு வெட்கமும் இல்லை. விளம்பரம் இங்கிலீஷில் வந்தால் இங்கிலீஷில் எழுதுங்கள், சின்னச் சின்ன வசனமாக. படிப்பித்த ரீச்சர் ஒருவரிடம் காட்டித் திருத்துங்கள்.

தமிழில் எழுதி இமெயிலில் அனுப்புகிறவர்களுக்கு ஒன்று. பாமினி என்ற பழைய எழுத்துருவில் டைப் செய்து அப்படியே அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். அப்படி வந்த ஒரு கடிதத்தை எங்கள் அதிகாரி வைரஸ் என்று நினைத்து அழித்ததை நான் கண்ணால் பார்த்தேன், பாவம் எழுதினவர் யாரோ. யுனிகோடில் எழுதுங்கள், பி.டி.எஃப். ஆக்கி, உங்கள் பெயரைக் கோப்புக்கு வைத்து அனுப்புங்கள். பொருள் என்ற இடத்தில் பதவியின் பெயரைப் போடுங்கள்.

இப்போது கடைக்குப் போகாமல் போனிலேயே சாட்ஜிபிடியிடம் கேட்டு எழுதுகிறார்கள். பிழை திருத்த அது உதவும், நானும் பார்த்தேன். ஆனால் சங்கத்துக் காசேட்டில் எழுநூற்றைம்பது ரூபாய் இடித்தது அதற்குத் தெரியாது, நீங்கள் சொல்லாவிட்டால். சொல்லாமல் கேட்டால் கொமினிகேஷன் கடிதத்தையே கொஞ்சம் பவுடர் போட்டுத் தருகிறது.

விளம்பரம் கொடுக்கிற நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. பெயரும் போடாமல், ஊரும் போடாமல், தபால் பெட்டி இலக்கம் மட்டும் போட்டு "பிரபல நிறுவனமொன்றுக்கு" என்று விளம்பரம் செய்தால் பிள்ளை யாருக்கென்று எழுதும், என்னத்தை அறிந்து எழுதும்? கடைக் கடிதம்தான் வரும். விண்ணப்பம் கிடைத்தது என்று ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பவும் கனக்கச் செலவாகாது.

ஆசிரியர் அவர்களே, உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தின் ஓரத்தில் மாதம் ஒரு கடிதம் போடுங்கள், பெயரை மறைத்து, நல்லதாக ஒன்று. பக்கத்திலேயே மோசமானதும் ஒன்று போட்டால் வித்தியாசம் விளங்கும். மோசமானதற்கு நீங்கள் அலையத் தேவையில்லை, என் பழைய பைலில் ஒன்று இருக்கிறது. "கடின உழைப்பும் நேர்மையும் கொண்ட நான்" என்று தொடங்கி, இடையில் வீட்டுக் கஷ்டமெல்லாம் சொல்லி, "தங்கள் கீழ்ப்படிவுள்ள" என்று முடிகிறது. 2005ல் மட்டக்களப்பு டவுனில் ஒரு கொமினிகேஷனில் காசு கொடுத்து எடுத்தது. கீழே இருக்கிற கையொப்பம் என்னுடையது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.