பட்டியல் இருக்கட்டும், முதலில் டான்ஸ் வகுப்பில் சேர்

தம்பி,

மியூசிக்கல் தியேட்டர், அதுதான் பாட்டும் ஆட்டமும் நடிப்பும் சேர்ந்த மேடை இசைநாடகம், படிக்க நீ அனுப்பிய கல்லூரிப் பட்டியலைப் பார்த்தேன். பேர் கேள்விப்பட்ட இடத்தையெல்லாம் சேர்த்துவிட்டாய் போலிருக்கிறது. நியூயார்க் ஜூலியார்டில் நடிப்புக்குப் பட்டம் உண்டு, மியூசிக்கல் தியேட்டருக்கென்று தனியாக இல்லை. லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் உண்டு, ஆனால் அது பட்டம் முடித்தவர்கள் போய்ச் சேரும் ஓராண்டுப் படிப்பு. இந்த இரண்டையும் அடித்துவிடு. மற்றவற்றுக்கு அப்புறம் வருகிறேன். உன் திட்டத்தில் நான் தேடியது டான்ஸ் வகுப்பைத்தான், அது எங்கேயும் இல்லை.

உனக்குக் குரல் இருக்கிறது, வசனம் பேசினால் கேட்கத் தோன்றுகிறது. ஆனால் பாட்டையும் நடிப்பையும் 18, 20 வயதில்கூட ஒரு நல்ல ஆசிரியர் ஒழுங்குபடுத்திவிடுவார். உடம்பு அவ்வளவு சீக்கிரம் வழிக்கு வராது. இடுப்பும் கணுக்காலும் பழக வருஷக்கணக்கில் ஆகும், அதைவிட முக்கியம், இன்னொருவர் செய்து காட்டும் அசைவை ஒரு தரம் பார்த்ததும் திரும்பச் செய்கிற பழக்கம், அது வகுப்பில் நின்று நின்றுதான் வரும். 16 வயது கொஞ்சம் தாமதம்தான், ஆனால் ஆண்பிள்ளைகள் பலர் இந்த வயதில்தான் ஆரம்பிக்கிறார்கள், பயப்படாதே, அதற்காக அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் விட்டுவிடாதே. வாரத்துக்கு இரண்டு பாலே, ஒரு ஜாஸ் ஆட்டம், முடிந்தால் ஒரு டேப், அதாவது ஷூவால் தரையைத் தட்டித் தாளம் போடுகிற ஆட்டம். எனக்கெதற்கு பாலே என்று கேட்பாய், தெரியும். நேராக நிற்பதும், தலை சுற்றாமல் சுழல்வதும், குதித்துச் சத்தமில்லாமல் இறங்குவதும் அங்கேதான் கற்றுத் தருகிறார்கள். ஜாஸ் ஆசிரியர் வாயிலிருந்து வரும் சொற்களிலேயே பாதி பாலேயுடையவைதான். தொடக்க வகுப்பில் உன் இடுப்பளவு இருக்கிற பிள்ளைகளோடு நிற்க வேண்டியிருக்கும். நில்.

நான் ஆடிஷன்களுக்குப் பியானோ வாசிக்கிறவள், அந்த மூலையில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். பாடிவிட்டு வெளியே போகும்போது எல்லோர் முகத்திலும் வெளிச்சம் இருக்கும். அப்புறம் டான்ஸ் கால் என்கிற ஆட்டத் தேர்வு. நெஞ்சில் எண் அட்டையைக் குத்திக்கொண்டு முப்பது பேர் நிற்பார்கள், நடன ஆசிரியர் ஒரு நிமிஷத்துக்கும் குறைவான ஆட்டத்தை இரண்டு மூன்று தரம் காட்டுவார், பின்வரிசை முன்னால் வரும், முன்வரிசை பின்னால் போகும், அடுத்தது இசையோடு. அடி தவறுகிறவர்களை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தவறியதும் நின்றுவிட்டு, கூச்சத்தோடு சிரித்து, பக்கத்து ஆளின் காலைப் பார்க்கிறார்களே, அவர்கள் பெயருக்கு நேரேதான் பேனா நகரும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதையை இந்த அறைகளுக்கு வெளியே விதவிதமாகக் கேட்டிருக்கிறேன்.

பாட்டுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், பியானோக்காரி சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது. பெரும்பாலும் 16 பார் அல்லது 32 பார்தான் கேட்பார்கள், பார் என்றால் ஸ்வரத்தாளில் ஒரு தாளக்கட்டு, முழுப் பாட்டு இருக்காது. தாள்களை ஃபைலில் இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி அடுக்கி, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பென்சிலால் பளிச்சென்று குறித்துக் கொண்டு வா. என்னிடம் வந்து முதல் இரண்டு வரியை மெல்லப் பாடிக் காட்டினால் பாட்டின் வேகம் எனக்குப் புரிந்துவிடும். விரலைச் சொடுக்கிக் காட்டுகிறவர்களைக் கண்டால் எந்தப் பியானிஸ்டுக்கும் பிடிக்காது.

குரல் விஷயத்தில் அவசரப்படாதே. மகரக்கட்டு உடைந்து இப்போதுதான் ஒரு நிலைக்கு வருகிறது, 20 வயது தாண்டியும் அது மாறிக்கொண்டிருக்கும். பெரிய ஆண்கள் மேடையில் பெல்ட் செய்து, அதாவது நெஞ்சுக் குரலில் ஓங்கிப் பாடி, எட்டுகிற உச்ச ஸ்தாயியை இப்போதே தொண்டையை இறுக்கிப் பிடிக்கப் பார்த்தால் கெடுவது உன் குரல்தான். பழைய பாணிப் பாட்டையும் இப்போதைய பாப் சாயல் பாட்டையும் இரண்டையும் சொல்லித்தருகிற ஆசிரியராகப் பார். குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால் கஷாயத்தை விட்டுவிட்டுக் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போ.

சரி, கல்லூரிகள். பிரிட்டனில் மவுண்ட்வியூ, ஆர்ட்ஸ்எட், கில்ஃபர்ட் போன்ற இடங்களில் மூன்று வருஷப் பட்டம், முதல் வாரத்திலிருந்தே ஆட்டம், பாட்டு, நடிப்புதான். அமெரிக்காவில் நான்கு வருஷம், அதிலும் இரண்டு வகை. மிச்சிகன், கார்னகி மெலன், சின்சினாட்டி இங்கெல்லாம் இருக்கிற பிஎஃப்ஏ, அதாவது நுண்கலைப் பட்டம், என்றால் படிப்பில் பெரும்பகுதி மேடைப் பயிற்சியாகவே போகும். பிஏ என்றால் அது பாதிக்கும் குறைவு, மீதி நேரத்தில் வரலாறோ கணினியோ எதையும் படிக்கலாம். பேர்பெற்ற பிஎஃப்ஏ ஒவ்வொன்றும் வருஷத்துக்குப் பத்திருபது பேரைத்தான் எடுக்கிறது, விண்ணப்பிப்பவர்களோ ஆயிரத்துக்கு மேல். அதற்கும் முதலில் பிரீஸ்கிரீன் என்று வீடியோ கேட்பார்கள், மாறுபட்ட இரண்டு பாட்டு, ஒன்றிரண்டு மோனோலாக் என்கிற தனி வசனம், கொஞ்சம் ஆட்டம். சேர்வதற்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே அனுப்பியாக வேண்டும். அப்படியென்றால் உனக்குக் கையில் இருக்கிற காலம் நீ நினைப்பதைவிடக் குறைவு.

எனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால், உன்னைப் போலக் கண்டதையும் படிக்கிற பையனுக்கு நல்ல பிஏ ஒன்றும் குறைச்சலில்லை என்பேன். ஹாமில்டன் இசைநாடகத்தை எழுதிய லின்-மானுவல் மிராண்டா படித்தது பல பாடங்களும் கலந்து படிக்கிற வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில்தான், அங்கே இரண்டாம் வருஷத்தில் எழுதத் தொடங்கிய இசைநாடகம் 2008-இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்குக்கு வந்து, சிறந்த இசைநாடகத்துக்கான அந்த வருஷத்து டோனி விருதை வாங்கியது. நடிகர் ஹியூ ஜாக்மேன் முதலில் தகவல் தொடர்பில் பட்டம் வாங்கிவிட்டு, அப்புறம்தான் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து நாடகப் பள்ளியில் நடிப்புப் படித்தார். இவர்களைக் காட்டி நீயும் அப்படி ஆகிவிடுவாய் என்று சொல்ல வரவில்லை, 18 வயதில் ஒரு கதவு சாத்திக்கொண்டால் எல்லாம் போயிற்று என்று உட்கார்ந்துவிடாதே என்பதற்குச் சொன்னேன். பிரிட்டனில் பவுண்டேஷன் என்று ஓராண்டுப் பயிற்சியும் உண்டு, ஆட்டத்தில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு அது நல்ல இடம், ஒரு வருஷம் வீணானதாக யாரும் நினைப்பதில்லை. பட்டியலில் மேடைப் பயிற்சிப் பட்டம், பிஏ, பவுண்டேஷன் என்று மூன்று வகையும் கலந்திருக்கட்டும்.

கோடைக்கால முகாம் பற்றிக் கேட்டிருந்தாய். ஒரு முறை போய்ப் பார், உன் வயதுப் பிள்ளைகள் எந்த அளவில் இருக்கிறார்கள் என்று கண்ணால் பார்ப்பது நல்லது. பெரிய கல்லூரியின் முகாமுக்குப் போனால் அங்கேயே இடம் கிடைத்துவிடும் என்று நம்பிப் பணம் கட்டாதே. டிரினிட்டி, லாம்டா மாதிரி பிரிட்டன் நிறுவனங்கள் நடத்துகிற கிரேடு தேர்வுகளும் அப்படித்தான், ஒழுங்காகப் பயிற்சி எடுக்க ஒரு சாக்கு, அவ்வளவே. ஆடிஷன் அறையில் சான்றிதழை யாரும் விரித்துப் பார்ப்பதில்லை.

வேலையைப் பற்றியும் தெரிந்துகொள். பெரிய அரங்குகளில் வாரத்துக்கு எட்டுக் காட்சி, ஒரு நாடகம் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை மாதக்கணக்கில் ஒன்றும் இல்லாமலும் போகும். எனக்கு இந்த உலகத்தில் ரொம்பப் பிடித்தவர்கள் ஸ்விங் ஆட்கள். குழுவில் ஏழெட்டுப் பேருடைய இடம், அசைவு, பாட்டின் சுருதி எல்லாம் மனப்பாடமாக வைத்துக்கொண்டு, யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அன்று மாலையே அவர் இடத்தில் போய் நிற்பார்கள். அந்த வேலைக்கு ஸ்வரத்தாளைப் பார்த்ததும் பாடத் தெரிய வேண்டும், ஆட்டத்தை உடனே பிடித்துக்கொள்ளத் தெரிய வேண்டும். பியானோவை விட்டுவிட்டாய் அல்லவா, வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது திரும்பத் தொடங்கு, பிறகு பாட்டு சொல்லிக்கொடுத்துச் சம்பாதிக்கவும் உதவும்.

இந்த வாரம் விடுதிக்குப் பக்கத்தில் எங்கே பாலே வகுப்பு இருக்கிறது, பெரிய பிள்ளைகளை எடுப்பார்களா, என்ன நேரம் என்று விசாரித்து எழுது, கட்டணத்தை நான் அனுப்புகிறேன். அப்பாவிடம் நான் பேசிவிட்டேன், அவர் பிஏ கட்சி. திருத்திய பட்டியலை அதற்கப்புறம் அனுப்பினால் போதும்.

அம்மா