சுவர் பக்கம் திரும்பிய மூன்று படங்கள்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆறுதலாக நாலு வரி எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால், "நான் சோம்பேறியாகிவிட்டேன், அவ்வளவுதான், வேறு காரணம் தேடாதே" என்று முடித்திருந்தாயே, அந்த வரி என்னை விடவில்லை. நீ வேண்டாம் என்றாலும் தேடத்தான் செய்தேன். கோபித்துக்கொள்ளாதே.

சோம்பேறி இருபது படத்தில் பதினேழை வரைந்து முடிப்பாளா? சோம்பலாக இருந்தால் முதல் படத்திலேயே தலைகாட்டியிருக்கும். உனக்கு வந்தது பதினெட்டாவதில். அதுவும் கண்காட்சிக்குத் தேதி குறித்து, உன் பெயர் மட்டும் போட்ட அழைப்பிதழ் அச்சுக்குப் போகிற நேரத்தில். மிச்சமிருந்த மூன்று கேன்வாஸையும் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டாய். ஏற்பாடு செய்தவரிடம் சட்டத்தின் நிறத்துக்காகச் சண்டை போட்டு, இரண்டு மாதமாகப் பேசாமலும் இருக்கிறாய். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்களே, அதுதான். தாழி தானாக உடைந்ததா, நாமே போட்டு உடைத்தோமா என்பது மட்டும்தான் எனக்குக் கேள்வி.

நானும் உடைத்தவள் என்பதால் கேட்கிறேன். உன்னிடம்கூட இதுவரை சொல்லாத ஒன்றை இப்போது சொல்லிவிடுகிறேன். பதவி உயர்வுத் தேர்வை நான் இரண்டு தடவை எழுதாமல் விட்டது உனக்குத் தெரியும். இரண்டு தடவையும் காய்ச்சல் என்று சொன்னேன். முதல் தடவை காய்ச்சல் நிஜம். இரண்டாம் தடவை உடம்புக்கு ஒன்றுமே இல்லை.

முந்தின நாள் இரவு எட்டு மணிக்குப் படிக்க உட்கார்ந்தேன். நாலு பக்கம்கூடத் தாண்டவில்லை, புத்தக அலமாரி தூசியாக இருப்பது கண்ணில் பட்டது. எழுந்தேன். எல்லாப் புத்தகத்தையும் கீழே இறக்கி, ஈரத்துணியால் தட்டுகளைத் துடைத்து, உயரம் பார்த்து அடுக்கினேன். அது பிடிக்கவில்லை. மறுபடி இறக்கி, எழுத்தாளர் வாரியாக அடுக்கினேன். முடித்தபோது மணி இரண்டரை. ஹால் டிக்கெட் மேஜையில் இருந்தது, அதன் மேல் கழற்றி வைத்த என் மூக்குக் கண்ணாடி. காலையில் கண் விழித்தபோது தேர்வு தொடங்கி அரை மணி ஆகியிருந்தது. அப்போது எனக்கு முதலில் வந்தது நிம்மதியடி. படுத்தபடியே விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டேன். சாயங்காலத்துக்குள் அந்த நிம்மதி கரைந்து, அழுகை வந்தது.

அந்த நிம்மதி எங்கிருந்து வந்தது என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். எழுதித் தோற்றிருந்தால், உன் தகுதி இவ்வளவுதான் என்று ஒரு தாள் கைக்கு வந்திருக்கும். எழுதாமல் விட்டதால், எழுதியிருந்தால் ஜெயித்திருப்பேன் என்ற நினைப்பு சேதமில்லாமல் பிழைத்துக்கொண்டது. அந்த ஒரு நினைப்பைக் காப்பாற்றத்தான் தேர்வையே தாரை வார்த்திருக்கிறேன்.

பிற்பாடு உளவியல் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது ஒரு பரிசோதனை கண்ணில் பட்டது. 1978இல் ஸ்டீவன் பெர்க்லஸ், எட்வர்ட் ஜோன்ஸ் என்ற இரண்டு பேர் செய்தது. மாணவர்களுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்குக் கொடுத்த புதிர்களில் பெரும்பாலானவற்றுக்கு விடையே கிடையாது, ஆனாலும் பிரமாதமாகச் செய்தாய் என்று பாராட்டினார்கள். அடுத்த சுற்றுக்கு முன்னால் இரண்டு மருந்தில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒன்று மூளையைக் கூர்மையாக்கும், மற்றது மந்தமாக்கும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இரண்டுமே கற்பனை மருந்துகள். ஏன் பாராட்டினார்கள் என்றே புரியாத அந்த மாணவர்களில் பலர் மந்தமாக்கும் மருந்தைக் கேட்டார்கள். ஆண்களிடம்தான் இது தெளிவாகத் தெரிந்ததாம். ஆனால் படித்தபோது என் அலமாரிதான் என் முன்னால் வந்து நின்றது. அடுத்த சுற்றில் தோற்றால் மருந்தின் மேல் பழி போட்டுக்கொள்ளலாம். முதல் சுற்றில் கிடைத்த பெயரும் கெடாது.

இதை உனக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் உனக்கு முதல் பரிசு வாங்கிக் கொடுத்த படம் நினைவிருக்கிறதா? மேடையிலிருந்து இறங்கி வந்து என் காதில், "தண்ணி கொட்டிப் போச்சு, அதுவா அப்படி வந்துச்சு" என்றாய். எல்லாரும் அந்த வானத்தைத்தான் பாராட்டினார்கள். நீ வரைந்த வானம் அது இல்லை என்று உனக்கு மட்டும் தெரியும். அன்றிலிருந்து யார் பாராட்டினாலும், கொட்டிப்போன தண்ணீரைப் பாராட்டுகிறார்கள் என்றே உனக்குத் தோன்றுகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இப்போதும் ஒருவர் "உங்களுக்கு இது பிறவியிலேயே வந்தது" என்று சொன்ன வாரத்தில்தான் தூரிகையைக் கீழே வைத்திருக்கிறாய். பிறவியில் வந்தது என்று ஒருவர் சொல்லிவிட்டால், அடுத்த படம் சுமாராக வர நமக்கு உரிமையே இல்லாமல் போய்விடுகிறது. அந்தப் பாராட்டு பாரம்தான். உன் பதினேழு படத்தில் எத்தனை தடவை சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூசினாய் என்று அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். அதை எண்ணிப் பார்.

இன்னொன்றும் உண்டு, இது கொஞ்சம் நெருடலானது. தோல்வி பயம் என்றால் எல்லாருக்கும் புரியும். ஜெயிப்பதற்குப் பயம் என்றால் நம்பமாட்டார்கள். 1916லேயே ஃப்ராய்டு இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ரொம்ப நாள் ஆசைப்பட்டது கைக்கு வந்ததும் நொறுங்கிப்போனவர்களைப் பற்றி. அதில் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் ஒருவர் வருகிறார். தன் குருவின் இடத்துக்கு வரவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. குரு ஓய்வு பெற, இவரைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். உடனே தயங்குகிறார், எனக்குத் தகுதி இல்லை என்கிறார், பிறகு சில வருடம் எந்த வேலையும் செய்ய முடியாத அளவுக்கு மனச்சோர்வில் விழுந்துவிடுகிறார். ஃப்ராய்டு சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்பவள் இல்லை. ஆனால் இந்த மனிதரை எனக்குப் புரிகிறது.

எனக்கு அந்த இடத்தில் இருந்தது அக்கா. என்னைவிட நன்றாகப் படித்தவள், பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. அவள் நின்ற இடத்தைத் தாண்டி நான் எடுத்து வைத்த ஒவ்வொரு படியிலும், அவளை விட்டுவிட்டுப் போகிறேன் என்ற உறுத்தல் இருந்தது. யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானாக வைத்துக்கொண்டது. மூன்றாவது தடவை தேர்வுக்குப் பணம் கட்டிய அன்று இதை அவளிடம் சொல்லிவிட்டேன். சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, நிமிராமலே கேட்டாள்: "எம் பேரைச் சொல்லி நீ ஏன் நின்ன? என்னைக் கேட்டியா?" அவள் குரலில் கோபம் இருந்தது. இத்தனை வருடம் அவளுக்காகத் தியாகம் செய்வதாக நினைத்துக்கொண்டு, அவளை ஒரு முட்டுக்கட்டையாக்கி வைத்திருந்திருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும்.

உனக்கு அப்படி யாராவது இருக்கிறார்களா? உன் அப்பாவாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவரும் நன்றாக வரைவார் என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாய், அப்புறம் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. நான் நினைப்பது தப்பாக இருந்தால் விட்டுவிடு. சரியாக இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை பேசிப் பார்.

சரி, மூன்றாம் தடவை நான் எப்படித் தேர்வு எழுதினேன் என்று கேட்பாய். மன உறுதி வந்து ஒன்றும் எழுதவில்லை. மன உறுதியைத்தான் இரண்டு தடவை நம்பிக் கெட்டேன். முதலில், போன இரண்டு தடவைக்காக என்னைத் திட்டுவதை நிறுத்தினேன். இது சும்மா ஆறுதலுக்குச் சொல்வதில்லை. 2010இல் மைக்கேல் வோல், திமோதி பிச்சில், ஷானன் பென்னட் மூவரும் வெளியிட்ட ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்ட மாணவர்களில் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். யோசித்தால் நியாயம்தான். புத்தகத்தைத் தொட்டாலே திட்டு விழும் என்றால் யார் தொடுவார்கள்? திட்டுகிறவள் நானே என்பதால் தப்பி ஓட வேறு இடமும் இல்லை, அலமாரியைத் தவிர.

அடுத்து, ஒரு தாளில் இப்படி எழுதி மேஜையில் ஒட்டினேன்: "அலமாரியைத் துடைக்கத் தோன்றினால், ஒரு கேள்விக்கு விடை எழுதிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்." பேட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இந்த முறையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். இது வந்தால் இதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிவு கட்டி வைப்பது. அந்த நேரத்தில் உட்கார்ந்து மனதோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. தோன்றத்தான் செய்தது. ஒரு கேள்வி எழுதினேன். சில நாள் அதற்குப் பிறகு அலமாரியையும் துடைத்தேன். பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். உன் விஷயத்தில் அலமாரிக்குப் பதில் சண்டை வருகிறது. யாரிடமாவது காரசாரமாக எழுதத் தோன்றும்போது, முதலில் ஒரு கேன்வாஸைத் திருப்பி வைத்து ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு எழுது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் தயங்குகிறேன். மனது வேண்டாம் என்று சொல்லும்போதெல்லாம் அது நம்மைக் கெடுக்கத்தான் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. போன வருடம் வேறு ஒரு பொறுப்புக்கு என்னைக் கேட்டார்கள், நான் மறுத்தேன். அது பயத்தில் மறுத்தது இல்லை, அந்த வேலையே எனக்கு ஒட்டாது. இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். கண்காட்சி ரத்து என்று நாளைக்கு உனக்கு ஒரு தகவல் வருவதாக வைத்துக்கொள். முதலில் நிம்மதியாகத்தான் இருக்கும், அதை நம்பாதே. மறுநாள் காலையில் எப்படி இருக்கும் என்று யோசி. அப்போதும் நிம்மதியாக இருந்தால் உனக்கு நிஜமாகவே வேண்டாம், தைரியமாகச் சொல்லிவிடலாம், நான் உன் பக்கம் நிற்பேன். மார்பில் ஏதோ இழுத்தால், எனக்கு எழுது.

இங்கே எல்லாரும் நலம். புதுப் பொறுப்பில் வேலை அதிகம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரவில் வயிற்றைப் பிசைகிற அந்த உணர்வு இப்போது இல்லை. மூக்குக் கண்ணாடியின் பவர் ஏறியிருக்கிறது. அக்கா போன மாதம் ஒரு சான்றிதழ் படிப்பில் சேர்ந்துவிட்டாள். என்னிடம் பாடம் கேட்கிறாள், நான் சொல்லிக்கொடுக்கும் விதம் சரியில்லை என்று திட்டவும் செய்கிறாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.

ஏற்பாடு செய்தவருக்கு இந்த வாரமே இரண்டு வரி எழுதிவிடு. விளக்கமெல்லாம் வேண்டாம், சட்டம் எந்த நிறமானாலும் சம்மதம் என்று மட்டும். பதினெட்டாவது படத்தை முடி என்று நான் சொல்லப்போவதில்லை. அது எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. முகத்தை இந்தப் பக்கம் திருப்பி வைத்து எடு. அக்காவும் பார்க்க வேண்டும் என்கிறாள்.

என்றும் உன்
பழைய பெஞ்சுக்காரி