சுற்றுப்போட்டிப் பரிசும் காசு மேசை உழைப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாடொன்றில் நடந்த போக்கர் சீட்டாட்டச் சுற்றுப்போட்டியில் பெருந்தொகை வென்ற ஒருவரைப் பற்றி அண்மையில் தங்கள் பத்திரிகையில் வந்த செய்தி, கிளிநொச்சியில் என்னிடம் கணிதம் படிக்கும் உயர்தர மாணவர்களின் கைத்தொலைபேசிகளில் கைமாறிக்கொண்டிருக்கிறது. செய்தியில் தகவற்பிழை எதையும் நான் காணவில்லை. ஆனால், கிடைத்த பரிசை அந்த ஆட்டக்காரரின் வருமானம் என்று எழுதியதும், போக்கர் தெரிந்தவருக்கு இது வாடிக்கையான உழைப்பு என்று பொருள்பட முடித்ததும் இளைஞர்களிடையே தவறான ஒரு கணக்கை விதைத்துவிட்டன. சுற்றுப்போட்டியில் முன்னேறுவதற்கு வேண்டிய கணிப்பும், பணத்தை நேரடியாக வைத்து ஆடும் காசு மேசையில் நிலைத்து நிற்பதற்கு வேண்டிய கணிப்பும் பல இடங்களில் ஒன்றுக்கொன்று எதிரானவை. எண்களோடு காட்டினால்தான் அந்தப் பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்கள் என்பதால், சற்று நீளமாக எழுத அனுமதி வேண்டுகிறேன்.

வன்னியில் காட்ஸ் விளையாட்டு புதிதன்று. வாசிகசாலைத் திண்ணைகளிலும் விளையாட்டுக் கழகக் கொட்டில்களிலும் முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டத்தை விளையாடிப் பழகிய தலைமுறைகள் இங்கே இருக்கின்றன; விழுந்த சீட்டை நினைவில் வைப்பதிலும் கூட்டாளியின் கையை ஊகிப்பதிலும் எங்களவர் காட்டும் நுட்பத்தை நான் மிகவும் மதிக்கிறேன். போட்டி என்று வைத்தால் தோற்ற சோடி எழுந்து போகும், வென்ற சோடி அடுத்த சுற்றுக்குப் போகும், முடிவில் கிண்ணம் வாங்குபவர்கள் ஊரில் சிறந்த ஆட்டக்காரர்கள் என்று பெயர் எடுப்பார்கள். போக்கர் சுற்றுப்போட்டி என்றதும் இந்தப் படம்தான் எங்கள் மனத்தில் எழுகிறது. கிண்ணம் வாங்கியவர் எந்த மேசையில் இருந்தாலும் வெல்வார் என்ற முடிவும் கூடவே வந்துவிடுகிறது.

காசு மேசையில் 10,000 ரூபாவுக்கு வாங்கிய சிப்ஸ் எனப்படும் பந்தயச் சில்லுகள் எந்த நேரத்திலும் 10,000 ரூபாதான். பிளைண்ட் எனப்படும் கட்டாயப் பந்தயத்தின் அளவு அங்கே மாறுவதில்லை. கையிருப்புக் குறைந்தால் மேலும் வாங்கலாம். களைப்பாக இருந்தாலோ, மேசையில் தன்னைவிடத் திறமையானவர்கள் வந்து அமர்ந்தாலோ, எழுந்து போய்விடலாம். சுற்றுப்போட்டியில் நுழைவுப் பணத்தைக் கட்டியவுடன் கொடுக்கப்படும் சிப்ஸுக்கு ரூபாப் பெறுமதி எதுவும் கிடையாது. யாரோடு எந்த மேசையில் அமர்வது என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. மணிக்கூட்டைப் பார்த்துக் கட்டாயப் பந்தயத்தை உயர்த்திக்கொண்டே போவார்கள். கடைசிச் சில்லும் போகும்வரை ஆட்டம் முடியாது. பெரும்பாலும் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேர் மட்டுமே பரிசு பெற, அதிலும் பெரும்பகுதி முதல் சில இடங்களுக்குப் போய்விடுகிறது.

இந்த வேறுபாட்டின் ஆழம் முடிவுக்கட்டத்தில்தான் தெரியும். மூன்று பேர் மிஞ்சியிருக்கும் ஒரு சுற்றுப்போட்டியில் பரிசுகள் 50,000, 30,000, 20,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மேசையிலுள்ள 10,000 சிப்ஸில் முதலாமவரிடம் 5,000, இரண்டாமவரிடம் 3,000, மூன்றாமவரிடம் 2,000 இருக்கின்றன. இந்த ஒரு இலட்சம் ரூபாவும் காசு மேசையில் இருந்திருந்தால், பாதிச் சிப்ஸ் வைத்திருப்பவருக்கு 50,000 ரூபா உரியதாகும். சுற்றுப்போட்டியிலோ, ஒருவர் முதலிடம் பெறும் நிகழ்தகவு அவரிடமுள்ள சிப்ஸின் விகிதத்துக்குச் சமம் என்றும், முதலிடம் பெற்றவரை நீக்கிவிட்டு எஞ்சியவர்களுக்குள் இரண்டாமிடமும் அவ்வாறே அமையும் என்றும் கொண்டு கணித்தால், முதலாமவரின் நிலை 38,393 ரூபாவும், இரண்டாமவரின் நிலை 32,750 ரூபாவும், மூன்றாமவரின் நிலை 28,857 ரூபாவும் பெறும். போக்கர் ஆட்டக்காரர்கள் ஐசிஎம் என்று சுருக்கி அழைக்கும் முறை இதுவே. நிகழ்தகவுப் பாடம் படித்த எந்த மாணவரும் அரைத்தாளில் இதைச் சரிபார்க்கலாம்.

இப்போது முதலாமவர் தம்மிடமுள்ள அனைத்தையும் முன்னே தள்ளுகிறார். இரண்டாமவர் தமது 3,000 சிப்ஸையும் வைத்து எதிர்கொள்வதா, சீட்டைக் கைவிடுவதா? எதிர்கொண்டு வென்றால் அவரிடம் 6,000 சிப்ஸ் சேர்ந்து, அவருடைய நிலை 41,000 ரூபாவாக உயரும்; தோற்றால் மூன்றாம் பரிசான 20,000 ரூபாவோடு எழுந்து போகவேண்டும். கட்டாயப் பந்தயத்தை இங்கே கணக்கில் எடுக்காவிட்டால், 8,250 ரூபாவை வெல்வதற்காக அவர் 12,750 ரூபாவைப் பணயம் வைக்கிறார். அதற்கு அவருடைய கை நூற்றுக்கு ஏறத்தாழ 61 தடவை வெல்லக்கூடியதாக இருக்கவேண்டும். காசு மேசையில் இதே நிலைமையில் 50 தடவைக்குச் சற்று மேல் வென்றாலே போதும். ஆகவே, நூற்றுக்கு 55 தடவை வெல்லும் கையோடு எதிர்கொள்வது காசு மேசையில் சரியான ஆட்டம்; சுற்றுப்போட்டியின் இந்தக் கட்டத்தில் அதுவே பெரும் தவறு. இரண்டு மேசைகளிலும் ஒரே பழக்கத்தோடு விளையாடுபவர் ஏதோ ஒன்றில் தொடர்ந்து நட்டப்படுவார் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல என்னால் முடியாது.

ஆட்டத்தின் ஆழமும் வேறுபடுகிறது. 20,000 சிப்ஸோடு தொடங்குபவருக்குப் பெரிய பிளைண்ட் 200 ஆக இருக்கும்போது நூறு மடங்கு கையிருப்பு உண்டு. சில மணித்தியாலங்களில் அந்தப் பிளைண்ட் 2,000 ஆகிவிட்டால், ஒரு சில்லைக்கூட இழக்காமல் இருந்தவரிடமும் பத்து மடங்கே மிஞ்சும். அந்த நிலையில் அனைத்தையும் வைப்பதா கைவிடுவதா என்ற ஒரே கேள்விதான் எஞ்சுகிறது; இரண்டு சீட்டுகளைக் கொண்ட 1,326 சாத்தியமான கைகளில் எவற்றோடு வைக்கலாம் என்பதை அட்டவணையாக மனனம் செய்துவிடலாம். காசு மேசையில் நூறு மடங்கும் அதற்கு மேலும் கையிருப்போடு இருப்பவர்கள் மோதுவது வழக்கம். அங்கே எல்லோருக்கும் பொதுவாக மேசையில் விரிக்கப்படும் சீட்டுகளில் நான்காவதும் ஐந்தாவதும் விழுந்த பின்னர் வரும் பெரிய பந்தயங்களில்தான் நல்ல ஆட்டக்காரர் உழைக்கிறார். சுற்றுப்போட்டியில் மட்டும் பழகியவருக்கு அந்த இடங்களில் நிற்கும் அனுபவம் மிகக் குறைவாகவே கிடைத்திருக்கும். மறுபுறத்தில், குறைந்த கையிருப்போடு தாக்குப்பிடிப்பதும், பரிசுக்குரிய இடம் நெருங்கும்போது எதிரிகளின் அச்சத்தை அறிந்து வெருட்டுவதும் காசு மேசையில் கற்க முடியாதவை.

வரலாறும் இதற்குச் சான்று. லாஸ் வேகாஸில் 1970 இல் முதலாவது போக்கர் உலகத் தொடர் நடந்தபோது அது காசு ஆட்டங்களாகவே விளையாடப்பட்டது. யார் சிறந்தவர் என்பதை ஆட்டக்காரர்களே வாக்களித்துத் தெரிந்தார்கள். ஒருவர் மிஞ்சும்வரை ஆடும் சுற்றுப்போட்டி முறை அடுத்த ஆண்டுதான் வந்தது. ஸ்டூ அங்கர் 1980, 1981, 1997 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அத்தொடரின் பிரதான போட்டியை வென்றவர். 1997 இல் அவருக்கு நுழைவுப் பணம் கட்டிய ஆதரவாளரே பத்து இலட்சம் டொலர் பரிசில் பாதியை எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு அங்கர் இறந்தபோது கையில் ஏதுமற்றவராகவே இறந்தார். போதைப்பொருளும் பிற பந்தயங்களும் அவரைச் சீரழித்தன என்பது உண்மை. ஆயினும், பட்டம் என்பது சேமிப்பன்று என்பதை அவருடைய வாழ்க்கை காட்டுகிறது. சிப் ரீஸ் இதற்கு மாறானவர். அவர் தம் பெயரையும் செல்வத்தையும் பெரும்பாலும் காசு மேசைகளிலேயே ஈட்டினார். 2006 இல் 50,000 டொலர் நுழைவுப் பணம் கொண்ட, பல வகைப் போக்கர் ஆட்டங்களைக் கலந்த போட்டியை வென்றபோதுதான் பொதுமக்களில் பலர் அவரை அறிந்தனர்.

அண்மைக்காலச் சான்று ஒன்றும் உண்டு. உலகத் தொடரில் அப்போது ஆறு பட்டங்கள் வென்றிருந்த டானியல் நெக்ரானு, 2020 இன் இறுதியில் தொடங்கி 2021 பெப்ரவரி வரை டக் போக் என்பவரோடு தனித்து 25,000 கைகள் காசு ஆட்டம் ஆடி, ஏறத்தாழ 12 இலட்சம் டொலரை இழந்தார். இருவர் மட்டும் மோதும் ஆட்டத்தில் போக் தனித் தேர்ச்சி பெற்றவர் என்பதையும், அவரும் உலகத் தொடரில் பட்டம் வென்றவர் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். இத்தனை பட்டங்கள் பெற்றவருக்கே அந்த ஆட்டத்தைத் தனியாகப் பயிலவேண்டியிருந்தது என்பதே இங்கே கவனிக்கத்தக்கது.

பத்திரிகைகள் எடுத்தாளும் பரிசுப் பட்டியல்களில் சேர்க்கப்படுவது ஒருவர் பெற்ற பரிசுத் தொகைகள் மட்டுமே. அவர் கட்டிய நுழைவுப் பணங்கள் அவற்றிலிருந்து கழிக்கப்படுவதில்லை. ஆதரவாளர்களுக்குக் கொடுத்த பங்கும் தெரிவதில்லை. காசு மேசையில் வென்றதும் இழந்ததும் அந்தப் பட்டியல்களில் இல்லை. பிரதான போட்டியில் 2003 இல் 839 பேர் கலந்துகொண்டார்கள். 86 டொலர் கட்டி இணையவழித் தகுதிப் போட்டியினூடாக வந்த கிறிஸ் மணிமேக்கர் அவ்வாண்டு 25 இலட்சம் டொலர் வென்ற பின்னர், 2006 இல் கலந்துகொண்டோர் எண்ணிக்கை 8,773 ஆகப் பெருகியது. அந்த எட்டாயிரம் பேரில் மிகப் பெரும்பான்மையினர் 10,000 டொலர் நுழைவை இழந்து வீடு திரும்பியவர்கள். அவர்களைப் பற்றி எந்தச் செய்தியும் வரவில்லை. திறமையான சுற்றுப்போட்டி ஆட்டக்காரரும் மாதக்கணக்கில் பரிசின்றி இருக்க நேரும். மழையை நம்பி விதைக்கும் கமக்காரர், ஒரு காலபோகம் பொய்த்தாலும் அடுத்ததற்கு விதைநெல்லைப் பத்திரப்படுத்துவது போல, நூறு நுழைவுகளுக்காவது பணம் ஒதுக்கி வைத்திருக்கவேண்டும் என்று தேர்ந்தவர்கள் சொல்கிறார்கள். காசு மேசைக்கு முப்பது, நாற்பது தடவை வாங்கும் அளவு போதும் என்பார்கள். ஏனெனில் அங்கே ஏற்ற இறக்கம் குறைவு. ஆனால் உழைப்பும் மெல்லியது. ஒவ்வொரு பெரிய பந்தயத் தொகையிலிருந்தும் நடத்துநர் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டே இருப்பதால், சமதிறமையுள்ள நால்வர் இரவு முழுவதும் ஆடினால் நால்வரும் சேர்ந்தே நட்டப்படுவார்கள்.

எனக்குக் கவலை தரும் இடம் இதுதான். சிறிய நுழைவுப் பணத்தோடு கைத்தொலைபேசியில் ஒரு சுற்றுப்போட்டியில் பரிசு பெற்ற இளைஞர், தாம் இழக்கக்கூடியது அந்த நுழைவுப் பணம் மட்டுமே என்ற எல்லைக்குள் நின்று வென்றவர். அதே நம்பிக்கையோடு காசு மேசைக்குப் போகும்போது அந்த எல்லை மறைந்துவிடுகிறது. இழந்ததும் மீண்டும் வாங்கலாம், மீண்டும் மீண்டும் வாங்கலாம். வன்னியில் அந்தப் பணம் வெளிநாட்டிலுள்ள அண்ணனோ அக்காவோ வீட்டுச் செலவுக்கு அனுப்பியதாக இருக்கும், அல்லது தாய் நுண்கடனாக எடுத்ததாக இருக்கும். போருக்குப் பின்னர் நுண்கடன் இங்குள்ள குடும்பங்களை, குறிப்பாகப் பெண்களை, எப்படி நெருக்கியது என்பதைத் தங்கள் பத்திரிகை வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

எனவே, இத்தகைய செய்திகளை வெளியிடும்போது அந்தப் போட்டியின் நுழைவுப் பணம் எவ்வளவு, எத்தனை பேர் கலந்துகொண்டார்கள், அவர்களில் எத்தனை பேருக்குப் பரிசு கிடைத்தது என்ற விபரங்களையும் சேர்க்குமாறு தங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். ‘வருமானம்’ என்ற சொல்லுக்குப் பதிலாகப் ‘பரிசுத் தொகை’ என்றே எழுதவேண்டும்; காசு ஆட்டத்தைப் பற்றிய செய்தியாயின் அதைத் தெளிவாகக் குறிப்பிடவேண்டும். மேலே காட்டிய மூவர் கணக்கைப் படிமுறைகளோடு உயர்தர மாணவர்களுக்கான பயிற்சியாக எழுதி வைத்திருக்கிறேன். தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் இடம் ஒதுக்கினால் உடனே அனுப்பிவைப்பேன்.

இங்ஙனம்,
கணித ஆசிரியர் ஒருவர்,
கிளிநொச்சி.